டர்போ காரின் ஐட்லிங் தடுமாற்றமும் டியூனிங் கோளாறும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கிளிநொச்சியில் உள்ள என் திருத்தகத்துக்கு நாள்தோறும் வருபவை உழவு இயந்திரங்களும் பிக்கப்களுமே. இருந்தும், ஜப்பானில் பாவித்து இறக்குமதி செய்யப்பட்ட சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் போன்ற டர்போ கார்கள் ஏ9 வீதியால் வந்துபோகும் வழியில் இங்கே தரித்துவிடுவதுண்டு. பெரும்பாலும் முறைப்பாடு ஒன்றுதான்: நிறுத்தி வைத்தால் (ஐட்லிங்கில்) இயந்திரம் சீராக ஓடவில்லை, மிதித்தால் இழுவை இல்லை, ஆகையால் டியூன் செய்ய வேண்டும், அதாவது காரின் கணினியிலுள்ள பெற்றோல், தீப்பொறி அட்டவணைகளை மடிக்கணினியால் மாற்ற வேண்டும். நான் பார்த்தவற்றுள் உண்மையிலேயே டியூனிங் தேவைப்பட்டவை மிகச் சில. மற்றவற்றில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது, அல்லது ஒரு ஹோஸ் வெடித்திருந்தது, அல்லது தாங்கியில் கெட்ட பெற்றோல் இருந்தது. கோளாறு இருக்கும் காரை டியூன் செய்தால் அந்தக் கோளாறு கணினியின் கணக்குக்குள் மறைந்துவிடும். பின்னர் இயந்திரத்தைக் கழற்றும்போதுதான் வெளியே தெரியும். ஆகவே மடிக்கணினியைக் கடைசியில் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கீழே உள்ள அளவுகள் 1994 கன சென்றிமீற்றர் கொண்ட சுபாருவின் இஜே20 டர்போ இயந்திரத்துக்கு உரியவை. மிற்சுபிஷி லான்சர் எவொலூஷன் போன்ற ஏனைய கார்களுக்குத் தேடும் ஒழுங்கு பொருந்தும். அளவுகளை அந்தந்தக் காரின் கைநூலில் பாருங்கள்.

தொடங்குமுன்

இயந்திரத்தை நன்கு சூடேற்றி, ஏசியையும் விளக்குகளையும் அணைத்துவிட்டுச் சுற்றுமானியைப் பாருங்கள். முள் நிமிடத்துக்கு 700 முதல் 800 சுற்று வரை அசையாமல் நின்றால் ஐட்லிங் நலமாக உள்ளது. இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். அது குறைந்தால் வேறு எதையும் தேடாமல் முதலில் அல்டர்னேற்றரையும் பூமிக்கம்பியையும் சரிசெய்யுங்கள். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரில் கோளாறுக் குறியீடுகள் இருந்தால் அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியான பழைய சுபாரு கார்களோடு மலிவான ஸ்கானர்கள் பேசாமல் போகலாம். சுபாருவின் சொந்த நெறிமுறையைப் படிக்கக்கூடிய ஸ்கானர் வேண்டும்.

இன்னுமொன்று. இஜே20 இன் பல வகைகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள புகைக்குழாய்களின் நீளம் சமமாக இராது. அதனால் எழும் தடதடப்பு அந்தக் காரின் இயல்பான குரல். முதன்முறையாக அந்தக் காரை வாங்கியவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று வருகிறார்கள். சுற்றுமானி முள் அசையாமல் நின்று, இருக்கையில் அதிர்வும் தெரியாவிட்டால் அந்த ஒலியை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 1: சூடான இயந்திரம் நின்றபடியே ஏறி இறங்குகிறது

முள் 500 க்கும் 1,200 க்கும் இடையில் ஊஞ்சலாடும். வன்னியில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான்.

*முதலில் எயார் பில்டரையும், உள்ளே செல்லும் வளியை அளக்கும் வளிப்பாய்வு சென்சரையும் பாருங்கள்.* நம் கிறவல் வீதிகளின் செம்புழுதி மாவைவிட மென்மையானது. சூடடிப்புக் காலத்தில் அதனுடன் வைக்கோல் தூசும் சேர்ந்துவிடும். கழுவிப் பாவிக்கும் எண்ணெய் தடவிய பில்டர் பொருத்தப்பட்டிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். ஏனெனில் அளவுக்கு மிஞ்சித் தடவிய எண்ணெய் வளியோடு பறந்து, பில்டருக்கு அடுத்துள்ள சென்சரின் கம்பியில் படியும். அதன்மேல் புழுதி ஒட்டிச் சூட்டில் காய்ந்துவிடும். சென்சரின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, அதை ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நலமான கம்பி பளபளக்கும். அழுக்கேறிய கம்பியில் தலைமயிரைவிட மெல்லிய அந்த இழை முழுவதும் செங்கல் நிறத்தில் பூத்திருக்கும். அதற்கென விற்கும் சென்சர் துப்புரவுத் திரவத்தைத் தூரத்தில் பிடித்துத் தெளித்து, தானாக உலரவிட்டுப் பொருத்துங்கள். துணியோ, தூரிகையோ, கார்புறேற்றர் கிளீனரோ அதில் படக்கூடாது. ஒரு முறை தொட்டாலே புதிய சென்சர் வாங்க நேரும்.

சுத்தம் செய்த பின் ஸ்கானரில் பார்த்தால், சூடான இயந்திரம் ஐட்லிங்கில் வினாடிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் வளியை உள்ளிழுக்க வேண்டும். அந்த அளவு அடங்காமல் துள்ளினால், இயந்திரத்தை நிறுத்தி, சென்சரின் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்ரார்ட் செய்து பாருங்கள். அப்போது ஐட்லிங் சீரானால் சென்சரே குற்றவாளி. சீராகாவிட்டால் சென்சரை வாங்காமல் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

*அடுத்தது வளிக் கசிவு.* ஸ்கானரில் எரிபொருள் திருத்த வீதத்தை (கணினி தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும் பெற்றோலின் சதவீதத்தை) இரண்டு நிலைகளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐட்லிங்கில் ஒன்று, 2,500 சுற்றில் ஒன்று. ஐட்லிங்கில் கூட்டல் 10 ஐத் தாண்டி, 2,500 இல் பூச்சியத்தை அண்டினால், சென்சருக்குப் பின்னால் எங்கோ கணக்கில் வராத வளி புகுகிறது. இரண்டு நிலையிலும் கூட்டலாகவே நின்றால், அல்லது சுற்று ஏற ஏற அதுவும் ஏறினால், சென்சரின் அளவையோ எரிபொருள் வரத்தையோ சந்தேகித்து அறிகுறி 6 க்குச் செல்லுங்கள். டர்போ ஏற்றும் வளியமுக்கத்தை, அதாவது பூஸ்டைக் காட்டும் மானி இருந்தால் அதுவும் சாட்சி சொல்லும். கடல் மட்டத்தை ஒட்டிய நம் பகுதியில் ஐட்லிங்கில் வெற்றிடம் 18 முதல் 20 அங்குல இரசம் வரை இருக்க வேண்டும்.

கசிவைத் தேட, வளிப்பாய்வு சென்சருக்கு அடுத்து வரும் ஹோஸின் வாயை ஒரு மூடியால் அடைத்து, இயந்திர உறையிலிருந்து வரும் மூச்சுக் குழாய்களையும் அடைத்து, மூடியில் பொருத்திய ரயர் வால்வு வழியாக வளியை ஏற்றுங்கள். 10 இறாத்தல் அமுக்கம் போதும்; 15 ஐத் தாண்ட வேண்டாம். இடையில் அமுக்கக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் ரயர் கடைக் கொம்பிரசரின் முழு அமுக்கத்தை நேரடியாக விட்டால், நல்ல ஹோஸ்களும் பிடுங்கி எறியப்படும். பின்னர் ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நீரைத் தெளித்துக் குமிழியைத் தேடுங்கள். கார்புறேற்றர் கிளீனரைத் தெளித்து இயந்திரச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை டர்போ காரில் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். செங்கனலாகச் சூடேறும் டர்போவுக்கு மேலே அந்தத் திரவம் வழிந்தால் தீப்பற்றும்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு முறை வந்த காரில் சென்சரும் ஐட்லிங் வால்வும் ஒட்சிசன் சென்சரும் வேறிடத்தில் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. உரிமையாளரான தம்பி களைத்துப் போயிருந்தார். வளியை ஏற்றியபோது மேலே எங்கும் குமிழி வரவில்லை. ஆனால் எங்கோ சீறும் ஒலி மெல்லக் கேட்டது. முகச்சவரக் கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டி, சிலிண்டர்களுக்கு வளியைப் பகிரும் இன்டேக் மனிபோல்டுக்குக் கீழே நுழைத்தபோதுதான், டர்போவுக்குச் செல்லும் இறப்பர் ஹோஸின் அடிப்புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்புத் தெரிந்தது. இயந்திரம் அசையும்போது அது திறந்தும், அசையாதபோது உதடுகள் போல மூடியும் இருந்தது. இந்த ஹோஸ் இந்தக் கார்களில் சூட்டாலும் எண்ணெய் ஆவியாலும் வெடிப்பது வழக்கம். மனிபோல்டைத் தூக்காமல் அதை மாற்ற முடியாது. ஆகவே அரை நாள் வேலை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். திரொட்டில் (வளி வரத்தைத் திறந்து மூடும் தகடு) பக்கத்து இறப்பர் வளையங்களையும் அதே வேளையில் புதிதாக்கிவிடுங்கள்.

*கசிவு இல்லையெனில் ஐட்லிங் வால்வு.* கேபிளால் இயங்கும் திரொட்டில் உள்ள கார்களில் இது தனி உறுப்பாக இருக்கும். கழற்றிக் கரியை அகற்றிப் பொருத்தினாலே பெரும்பாலும் போதும். மின்திரொட்டில் உள்ள கார்களில், சாவி போட்ட நிலையில் தகட்டைக் கையால் தள்ளக்கூடாது.

*கடைசியாக, யாரேனும் திருகாணியைத் திருப்பினார்களா என்று பாருங்கள்.* 1990 களின் எரிபொருட் தடைக் காலத்தில், சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். கார்புறேற்றர் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, காதால் கேட்டே ஐட்லிங் வைக்கும் கை இங்குள்ள மூத்த மெக்கானிக்குகள் பலருக்கு உண்டு. அந்தக் கையை நான் மதிக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்ததும் அதுதான். ஆனால் இந்தக் கார்களின் திரொட்டிலில் உள்ள திருகாணி ஐட்லிங் வைப்பதற்கானதன்று. தகடு எங்கே மூடி நிற்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே குறித்து வைத்த எல்லை அது. அதைத் திருப்பினால் திரொட்டில் மூடியிருக்கிறது என்பதே கணினிக்குத் தெரியாமல் போகும், ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் வேலையையும் அது கைவிடும். திருகாணியின் வண்ணப்பூச்சு முத்திரை உடைந்திருந்தால், திரொட்டில் நிலையைக் காட்டும் சென்சரின் மூடிய நிலை வோல்டைக் கைநூலுடன் ஒப்பிட்டு மீட்டெடுங்கள்.

அறிகுறி 2: வேகமாக வந்து கிளச்சை மிதித்தவுடன் இயந்திரம் நின்றுவிடுகிறது

சந்தியை அண்டும்போது மட்டும் நிகழ்ந்தால், முதலில் பூஸ்ட் வெளியேற்றும் வால்வைப் பாருங்கள். தொழிற்சாலை வால்வு, மிகுதி வளியை டர்போவின் முன்புறத்துக்கே திருப்பி அனுப்பும். சத்தத்துக்காக அதை மாற்றி, வளியை வெளியே ஊதும் வால்வைப் பூட்டியிருந்தால், சென்சர் ஏற்கெனவே எண்ணிவிட்ட வளி வெளியே போய்விடும். கணினியோ அந்த வளிக்கும் சேர்த்தே பெற்றோலை ஊற்றும். இயந்திரம் ஒரு கணம் மூச்சுத் திணறி நிற்கும். பழைய வால்வை மீளப் பொருத்தி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

தொழிற்சாலை வால்வே இருந்தும் இவ்வாறு நேர்ந்தால், அதன் சிறிய வெற்றிட ஹோஸ் கழன்றுள்ளதா, உள்ளிருக்கும் மென்சவ்வு கிழிந்துள்ளதா என்று பாருங்கள். அதுவும் நலமெனில் அறிகுறி 1 இன் ஐட்லிங் வால்வுக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 3: ஏசி போட்டால் ஐட்லிங் விழுகிறது, மதிய வெயிலில் அதிகம்

ஏசி போட்டவுடன் முள் சற்றே தாழ்ந்து, உடனே முன்பிருந்ததைவிடச் சிறிது மேலே ஏறி நிற்க வேண்டும். தாழ்ந்த இடத்திலேயே நடுங்கினால், கரியேறிய திரொட்டில் தகட்டையும் ஐட்லிங் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு இரண்டு ரேடியேற்றர் விசிறிகளும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். அவை சுழலும்போது வோல்ட் 13 க்குக் கீழே விழுந்தால், குறை மின்சாரப் பக்கம்.

டபிள்யூஆர்எக்ஸில், டர்போ அமுக்கிய வளியைக் குளிரவைக்கும் இன்ரர்கூலர் இயந்திரத்தின் மேலேயே படுத்திருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் ரயில் கடவையில் பத்து நிமிடம் நின்ற பிறகு முதல் சில நூறு மீற்றர்களுக்கு இழுவை குறைவதும், சூடாக நிறுத்திய காரை மறுபடி ஸ்ரார்ட் செய்தால் அரை நிமிடம் ஐட்லிங் கரடுமுரடாவதும் அதன் இயல்பு. ஓடத் தொடங்கியதும் சரியானால் திருத்த ஏதுமில்லை. வெப்பமானி நடுவைத் தாண்டினால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

அறிகுறி 4: காலையில் மட்டும் நிற்கிறது

இரவு முழுதும் நின்ற காரில், ஸ்ரார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுக் குளிர்நீர் வெப்பநிலையை ஸ்கானரில் பாருங்கள். அது வெளி வெப்பநிலையோடு ஒத்திருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் 25 முதல் 30 பாகை. சய 40 என்றோ 80 என்றோ காட்டினால் சென்சரையோ வயரையோ மாற்றுங்கள். மலிவான வேலை. வெப்பநிலை சரியாக இருந்தால் பெற்றோல் பம்பின் அமுக்கம் இரவில் இறங்குகிறதா என்று பாருங்கள்: சாவியை மூன்று முறை போட்டு எடுத்த பிறகு ஸ்ரார்ட் செய்து, அப்போது உடனே பிடித்தால் விடை அதுவே.

அறிகுறி 5: முள் அதிகம் ஆடவில்லை, ஆனால் கார் உதறுகிறது

ஒரு சிலிண்டர் எரியவில்லை. பி 0301 முதல் பி 0304 வரையான குறியீட்டின் கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும்.

அந்தச் சிலிண்டரின் தீப்பொறிக் கொயிலை அடுத்ததோடு மாற்றிப் பூட்டுங்கள். குறியீடு கொயிலோடு இடம்பெயர்ந்தால் கொயிலை மாற்றுங்கள். இடம்பெயராவிட்டால் புளக்கைக் கழற்றிப் பாருங்கள், இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். புளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், வால்வு மூடியின் உள்வளையங்கள் இறுகிவிட்டன என்று பொருள். இந்த இயந்திரத்தில் புளக்குகள் பக்கவாட்டில் இருப்பதால் பற்றரியையும் பில்டர் பெட்டியையும் அகற்றினால்தான் கை நுழையும், பொறுமையோடு செய்யுங்கள்.

கொயிலும் புளக்கும் நல்லவையெனில், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வயரை அதன் தொடக்கம் முதல் கையால் தடவிப் பாருங்கள். அறுவடை முடிந்து வயல் வெறுமையான பின், எலிகள் வீட்டையும் வாகனத்தையும் நாடி வருகின்றன. மனிபோல்டின் கீழே நெல் உமியும் கடித்த வயரும் ஒன்றாகக் கிடந்ததைப் பல கார்களில் கண்டிருக்கிறேன். செம்பு தெரியும் இடத்தை வெறும் ஒட்டுநாடாவால் சுற்றிவிடாமல், ஈயம் பற்றி, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள்.

இவை அனைத்தும் நலமெனில் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் வளி அமுங்கும் அளவு) பாருங்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உங்கள் வேலை அங்கே முடிகிறது. ரைமிங் பெல்ட் மாற்றிய பிறகுதான் உதறல் தொடங்கியது என்றால், கொம்பிரஷன் பார்ப்பதற்காகக்கூட இயந்திரத்தைச் சுழற்றாதீர்கள். பெல்ட் ஒரு பல் தவறியிருந்தாலும் அடையாளங்களைச் சரிபார்ப்பது அனுபவமுள்ளவரின் வேலை. இந்த இயந்திரத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை அதை மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி 6: ஐட்லிங் நலம், ஆனால் பூஸ்ட் ஏறும்போது இழுக்கவில்லை அல்லது தட்டுகிறது

தகரப் பேணிக்குள் சிறுகற்களைக் குலுக்குவது போன்ற ஒலி, அதாவது பெற்றோல் நேரம் தவறித் தானாக எரியும் தட்டல், கேட்டால், அந்தக் கணமே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். மற்ற அறிகுறிகள் பலவற்றோடு ஒரு வாரம் ஓடலாம். இதனோடு ஒரு கிலோமீற்றர்கூட வேகமாக ஓடக்கூடாது. பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைவது இப்படித்தான்.

முதற்காரணம் பெற்றோல். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென வந்த கார்கள் அங்கே 100 ஒக்டேன் என விற்கப்படும் உயர்ரகப் பெற்றோலுக்கு அமைக்கப்பட்டவை. இங்கே வழக்கமாகக் கிடைப்பவை 92 உம் 95 உம். 95 எப்போதும் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதுமில்லை. 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு கான்களில் பெற்றோலைச் சேமித்து வைக்கும் பழக்கம் பலரிடம் நிலைத்துவிட்டது. மாதக்கணக்கில் நின்ற பெற்றோலும், மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலும் டர்போ இயந்திரத்துக்கு நஞ்சு. தாங்கியை வடித்து, விற்பனை அதிகமுள்ள நிலையத்தில் 95 நிரப்பி, கணினி தானாகக் கற்றுவைத்த திருத்தங்களை அழித்து, பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டுங்கள். சுபாரு கணினியில், தீப்பொறியை எவ்வளவு முந்தி விடலாம் என்பதைக் காட்டும் தீப்பொறி முன்னேற்றப் பெருக்கி என்றோர் அளவு உண்டு. காரின் வகைக்கேற்ப அதன் முழு மதிப்பு 1 அல்லது 16. புதிய பெற்றோலிலும் அது முழு மதிப்புக்கு ஏறாவிட்டால், கணினி இன்னும் தட்டலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். தட்டல் சென்சரே வெடித்துப் பொய் சொல்லக்கூடும். பி 0325 வந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

ஒலியின்றி இழுவை மட்டும் இல்லையெனில், மேலே சொன்ன வளிக் கசிவுப் பரிசோதனையை இன்ரர்கூலர் இணைப்புகளில் மறுபடி செய்யுங்கள். பூஸ்ட் திடீரென ஏறி, வெட்டி இழுத்தால், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேற்றுக்குச் செல்லும் சிறு ஹோஸ் கழன்றிருக்கும்.

பிறகு எரிபொருள் அமுக்கம். எரிபொருள் அமுக்க ஒழுங்காக்கியின் வெற்றிட ஹோஸைக் கழற்றியபோது ஏறத்தாழ 43 இறாத்தல் இருக்க வேண்டும். பூஸ்ட் ஓர் இறாத்தல் ஏறினால் இதுவும் ஓர் இறாத்தல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பில்டர், பிறகு பம்ப். அகலவீச்சு ஒட்சிசன் மானி பொருத்தியிருந்தால், முழுப் பூஸ்டில் வளி–எரிபொருள் விகிதம் 11 ஐ அண்டியிருக்க வேண்டும். 12.5 ஐத் தாண்டினால் அந்த ஓட்டத்தை அப்போதே கைவிடுங்கள்.

சுற்று ஏற ஏற ஆழ்ந்த டொக், டொக் ஒலி கேட்டு, எண்ணெயில் பொன்துகள் போன்ற மினுக்கம் தெரிந்தால் அது பெயாரிங். ஐட்லிங்கில்கூட ஓடவிடாமல் இயந்திரத்தை நிறுத்தி, லொறியில் ஏற்றுங்கள்.

அறிகுறி 7: டியூன் செய்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது

எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று முதலில் கேளுங்கள். இன்டேக் குழாயின் விட்டம் மாறினால் சென்சரின் அளவு பொய்யாகும். பெரிய இன்ஜெக்டர் பூட்டினால் ஐட்லிங்கில் பெற்றோல் மிகும். இரண்டுக்கும் கணினியின் அட்டவணையை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லையென்றால் பழைய உறுப்புகளை ஒவ்வொன்றாக மீளப் பொருத்தி, எதில் குணமாகிறது என்று பாருங்கள். பற்றரியைக் கழற்றிய பின் முதல் பத்து நிமிடம் ஐட்லிங் தடுமாறுவது இயல்பு. அதற்காக யாரிடமும் ஓட வேண்டியதில்லை.

டைனோ (காரை உருளைகளில் ஓட்டி வலுவை அளக்கும் கருவி) உள்ள திருத்தகங்களுக்கு இங்கிருந்து கொழும்புப் பக்கம் போக வேண்டும். 300 கிலோமீற்றருக்கும் மேல். ஆகவே ஒரு முறை போகும்போதே சரியாகச் செய்துகொண்டு வாருங்கள். வளிக் கசிவு இல்லை என்று உறுதிசெய்து, கொம்பிரஷன் அளவுகள், இரு நிலைகளில் எடுத்த எரிபொருள் திருத்த வீதம், எரிபொருள் அமுக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி டியூன் செய்பவரிடம் கொடுங்கள். அங்கே நிரப்பும் 95 இல் அமைத்த அட்டவணை, மாங்குளத்தில் 92 மட்டும் கிடைக்கும் நாளில் தட்டும். ஆகவே நீங்கள் வழக்கமாக வாங்கக்கூடிய பெற்றோல் எது என்பதைச் சொல்லி, தாழ்ந்த பூஸ்டில் 92 க்கென இரண்டாவது அட்டவணை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலை அட்டவணையின் பிரதியையும் கையோடு எடுத்து வாருங்கள். வீடு திரும்பியதும் முதல் தாங்கி தீரும்வரை நாள்தோறும் தீப்பொறிப் பெருக்கியின் மதிப்பைக் குறித்து வையுங்கள். ஒரு நாளாவது அது இறங்கினால், பூஸ்ட் ஏற்றாமல் டியூன் செய்தவரை அழைத்து அந்த எண்களை வாசித்துக் காட்டுங்கள்.